பல்பு வெளிச்சத்துல வச்ச நேர்ச்சைச் சேவல்

உடன்குடி,
மாசி மாசம், செவ்வாக்கிழமை.

அன்புள்ள மகன் பேச்சிராஜாவுக்கு அம்மா முத்துக்கனி எழுதுறது. நீ அங்கன சவுதியில உடம்புக்கு ஒண்ணும் இல்லாம, நேரத்துக்குச் சாப்பிட்டு, நல்லா இருக்கணும்னு செந்தூர் முருகனக் கும்பிட்டுக்கிடுதேன். இங்கன நானும் அப்பாவும் இருக்கோம், சொகமா இருக்கோம்னு எழுதத்தான் கை வரமாட்டேங்கு. அப்பாவுக்குச் சுகர் ஏறிக்கிட்டும் இறங்கிக்கிட்டும் கிடக்கு, காப்பியில கருப்பட்டிய விடுங்கன்னா, கருப்பட்டி ஒண்ணும் செய்யாதுன்னு டாக்டருக்கே பாடம் எடுக்காரு. தினமும் வீடியோவுல மூஞ்சியப் பாக்கோமே, இவளுக்கு என்ன புதுசா கடுதாசின்னு நீ நினைப்ப. போன்ல உங்க அத்தான் பேர எடுத்தாலே நீ கட் பண்ணிருத. கடுதாசிய அப்பிடிக் கட் பண்ண முடியாதுல்லா, அதான் எழுதுதேன். கோவம் வந்தா கிழிச்சிப் போடு, ஆனா முழுசும் படிச்சிட்டுக் கிழி.

பதினோரு வருசமா நீ அங்கன குஞ்சு பொரிக்கிற கம்பெனியில கிடந்து, நம்ம தேரிக்காட்டுச் செம்மணல் எட்டு ஏக்கர்லயும் அதே மாதிரி ஒண்ணு போடணும்னு நீ போட்ட பிளான் எனக்கு மனப்பாடம். முதல்ல தாய்க்கோழி ஷெட்டு, அதுக முட்டை போடுறதுக்குள்ள பொரிக்கிற மெசின், பொறவு கறிக்கோழிக்கு வரிசையா ஆறு ஷெட்டு. மெசின் வந்து இறங்குத அன்னைக்கு வேலைய விட்டுட்டு ஊரோட வந்துருவேன்னு சொன்ன. அதுவரைக்கும் பாத்துக்கிட உங்க அக்கா சந்தனச்செல்வியையும் உங்க அத்தான் வேல்ராஜையும் கூப்பிட்டு வச்சதும் நீதான். தூத்துக்குடி துறைமுகத்துல பாத்த கிரேன் வேலைய விட்டுட்டு வந்தாவ அவிய. வந்த மனுசன் அந்த ரெண்டாயிரம் தாய்க்கோழிக் குஞ்சையும் நாலு வாரம் கண்ணுல வெளக்கெண்ணெய விட்டுக்கிட்டுல்லா பாத்தாவ. வாசல்ல மருந்துத்தண்ணித் தொட்டி, உள்ள போக வேற செருப்பு, குளிச்சிட்டுத்தான் போகணும், வெளிக்கோழியோட இறகுகூட உள்ள வரப்படாதுன்னு ஒரு போர்டு வேற. ஏன் மாப்பிள்ளை, நாம கோழியப் பாக்கப் போறமா ஆப்பரேசனுக்குப் போறமான்னு நான் கேலி பேசினேன். அவியளும் சிரிச்சாவ. அதையெல்லாம் நான் பெருசா எடுத்துக்கிடல, அதான் வினை.

இனி சொல்ல வந்ததச் சொல்லிருதேன். நீ ஊருக்கு வந்து சேரணும்னு நம்ம சுடலை சாமிக்கு ஒரு சேவல நேந்து விட்டிருந்தேம்லா, தை மாசக் கோயில் கொடையில பலி குடுக்க வேண்டியது. நேந்து விட்டத விக்கப்படாது, மாத்தப்படாது, கொடைக்கு முந்திச் செத்துரவும் படாது. செத்துப்போச்சுன்னா யாருக்காக நேந்தமோ அவங்களுக்கு ஆகாதுன்னு எங்க அம்மை சொல்லிச் சொல்லி எனக்குள்ள ஊறிக் கிடக்கு. கார்த்திகை அடைமழையில அது தலையத் தொங்கப்போட்டுத் தூங்க ஆரம்பிச்சிட்டு. மிளகும் சின்ன உள்ளியும் தட்டிக் குடுத்தேன், கேக்கல. எனக்கு உன் மூஞ்சிதான் கண்ணுக்குள்ள நிக்கி. உங்க அத்தான் மெசின் பாக்க நாமக்கல் போயிருந்தாவ, உங்க அக்கா பிள்ளையக் கூப்பிடப் பள்ளிக்கூடம் போயிருந்தா, ஷெட்டுச் சாவி என் இடுப்புல. குஞ்சுகளுக்குச் சூடு காட்ட பல்பு போட்டிருக்க இடம் கதகதன்னு இருக்குமே, ஒரு ரெண்டு நாள் அங்கன கிடந்தா தேறிரும்னு முந்தானைக்குள்ள ஒளிச்சிக் கொண்டுபோயி ஒரு மூலையில கூடையக் கவுத்து வச்சேன். செருப்பக்கூட மாத்தல. மறுநா மத்தியானம் போய்ப் பாத்தா செத்துக் கிடக்கு. யாருக்கும் தெரியாம பனைமரத்து மூட்டுல புதைச்சிட்டு, என் பிள்ளைக்கு ஒண்ணும் ஆக்கிராதப்பான்னு சுடலை பீடத்துல போய் விழுந்து அழுதேன். குஞ்சுகளப் பத்தி எனக்கு நெனப்பே வரல ஐயா. சத்தியமா வரல.

அஞ்சாம் நாள்ல இருந்து ஒவ்வொண்ணா கழுத்தத் திருக்கிக்கிட்டு விழ ஆரம்பிச்சிட்டு. கோழி டாக்டர் வந்து பாத்துட்டு வெள்ளைக்கழிச்சல்னாரு, கோழிக்குக் கோழி தொத்துற சீக்கு. அடுத்த தடுப்பு மருந்துக்கு ஆறு நாள்தான் இருந்துச்சாம், அதுக்குள்ள வெளியில இருந்து எதுவோ கொண்டாந்திருக்குன்னாரு. உடனே உங்க அத்தான், நாமக்கல்ல நாலு பண்ணைக்குள்ள ஏறி இறங்கிட்டு வந்தவன் நாந்தான, நாந்தான் கொண்டாந்திருப்பேன்னு சொல்லிட்டாவ. நான் பக்கத்துலதான் நின்னேன், வாயத் திறக்கல. சேவல் செத்த விசயத்த வாயால சொன்னா அந்தக் கெடுதி உன்னத் தேடி வந்துரும்னு ஒரு பயம். மருமகன் முன்னால மானம் போயிருமேன்னும் இருந்துச்சு, அதையும் ஏன் மறைக்கணும். குஞ்சு ஒண்ணுகூட மிஞ்சல. ஜேசிபிய வச்சு குழி தோண்டி, சுண்ணாம்பப் போட்டு, ரெண்டாயிரத்தையும் அவியளே அள்ளிப் போட்டாவ. ஆளுவள விட்டுப் போடச் சொன்னதுக்குக் கேக்கல. மூணு நாளா சோறு இறங்கல அந்த மனுசனுக்கு.

குஞ்சுகளப் புதைச்ச அன்னைக்குத்தான் நீ போன்ல அந்த வார்த்தைய விட்ட. ஸ்பீக்கர்ல போட்டிருந்தோம், எல்லாருமே கேட்டோம். மாமியார் வீட்டுல வந்து ஒட்டிக்கிட்டவன நம்பினேன் பாரு, என் புத்தியச் செருப்பால அடிக்கணும்னு சொன்ன. ஏலே, எந்த ஆம்பளை தாங்குவான் அந்தச் சொல்ல? மறுவாரமே அவிய உங்க அக்காவையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு கயத்தாறு பக்கம் யாரோ ஒருத்தர் பண்ணைக்குக் கூலிக்குப் போயிட்டாவ. நீயோ, பிளானும் வேண்டாம், ஊரும் வேண்டாம், நிலத்த வித்துருங்கன்னுட்ட. அப்பா தினமும் காலையில அந்தக் காலி ஷெட்ட ஒரு சுத்து சுத்திட்டு வாராரு. மூணு மாசமா இந்தப் பாவத்த வயித்துக்குள்ள வச்சிக்கிட்டு உனக்கு வீடியோவுல சிரிச்சிக் காட்டுனவ நான்.

போன ஞாயித்துக்கிழமை மனசு கேக்காம கயத்தாறுக்குப் பஸ் ஏறிட்டேன். ஷெட்ட ஒட்டி ஒரே ஒரு ரூம்பு, தகரம் போட்டது, உள்ள வெக்கை தாங்கல. உங்க அக்கா கழுத்தெலும்பு தெரிய மெலிஞ்சு கிடக்கா, என்னைக் கண்டதும் ஒரு சிரிப்புச் சிரிச்சா பாரு, அதுக்கு என்னை ரெண்டு அடி அடிச்சிருக்கலாம். உங்க அத்தான் வேலையில இருந்து வந்து, குளிச்சிட்டுத்தான் வாங்க அத்தைன்னு பக்கத்துல வந்தாவ. அங்கன செவுத்துல பாக்கேன், நீ கலர்ல போட்டு அனுப்புனியே அந்தப் பிளான் தாளு, அத ஒட்டி வச்சிருக்காவ. மேல பூரா பென்சில் எழுத்து. ஆனி ஆடியில தேரிக்காத்து மேக்க இருந்துல்லா அடிக்கும், கறிக்கோழி ஷெட்டுக் காத்து பொரிக்கிற மெசின் பக்கம் வரப்படாதுன்னு மெசின மேக்க தள்ளிப் போட்டிருக்காவ. தீவன லாரி உள்ள வராம வெளியவே நின்னு இறக்குறதுக்கு ஒரு வழி. எதுக்கு மாப்பிள்ளை இன்னும் இதன்னு கேட்டேன். பேச்சிராஜாவுக்குக் கோவம் தணிஞ்சா கேப்பான் அத்தை, அப்ப கையில இருக்கணும்லான்னாவ.

பொறவுதான் நான் அதப் பாத்தேன். வேலிக்கு வெளிய, சுடலை பீடத்துப் பக்கமா சின்னதா ஒரு கட்டம் போட்டு, அதுக்குள்ள எழுதியிருக்கு: அத்தை நேந்து விடுற சேவலுக்கு, சூட்டுக்கு ஒரு பல்பு. உங்க அக்காவத் திரும்பிப் பாத்தேன், அவ தலையக் குனிஞ்சிக்கிட்டா. நாமக்கல்ல இருந்து வந்த அன்னைக்கே கவுந்து கிடந்த கூடையையும் இறகையும் பாத்துட்டாவளாம். தெரிஞ்சேதான் டாக்டர்கிட்ட நாந்தான்னு சொல்லியிருக்காவ, உன் பேச்சையும் தெரிஞ்சேதான் வாங்கிக் கட்டியிருக்காவ. ஏன் மாப்பிள்ளை சொல்லலன்னு அழுதேன். சொன்னா செத்தது எந்திரிச்சா வரப்போவுது அத்தை, பெத்தவளப் பிள்ளை ஏசுறதுதான் மிச்சம்னு சொல்லிட்டு, எனக்கு டீ வாங்க வெளிய போயிட்டாவ.

அப்பாகிட்ட வந்து எல்லாத்தையும் சொல்லிட்டேன். இத நான் சொல்லமாட்டேன், நீதான் அவனுக்கு எழுதணும்னாரு. எழுதிட்டேன். என்னை என்ன வேணும்னாலும் சொல்லு, கேட்டுக்கிடுதேன். பிளானப் போடுறதும் விடுறதும் நிலத்த விக்கதும் உன் இஷ்டம், அதுல நான் வாயே திறக்கமாட்டேன். நீ நூறு வயசு நல்லா இருக்கணும், எந்தக் குறையும் உன்ன அண்டப்படாது, செஞ்சது நான், பலனும் என்னோட போகட்டும். வெயில்ல தொப்பி இல்லாம அலையாத. இதப் படிச்ச உடனே எனக்குப் போன் பண்ணாத. முதல்ல கயத்தாறுக்குப் பண்ணு, மெசேஜ் வேண்டாம், வாயத் திறந்து அத்தான்னு கூப்பிடு. அவிய எடுப்பாவ.

இப்படிக்கு,
சொல்லவேண்டிய நேரத்துல சொல்லாத உன் அம்மா,
முத்துக்கனி.