மழைக்கோட்டைக் கண்டவனுக்கு

என் அன்பு மச்சான் தில்லை,

ஒலிவாங்கியின் வயரைப் பிடுங்கியவன் நீதான். எஞ்சின் கோளாறு என்று அன்றைக்கு எல்லாரிடமும் சொன்னாய். எஞ்சின் கோளாறென்றால் படமும் நின்றிருக்க வேண்டும். படம் ஓடிக்கொண்டே இருந்தது. என் குரல் மட்டும்தான் செத்தது.

உன் முப்பத்தோராம் நாளுக்கு மாமா ஒரு நினைவு மலர் அச்சடிக்கிறார். "நீதானே எழுதுறனீ தம்பி, அவனைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுது" என்று கேட்டார். மகனைப் பறிகொடுத்த மனிதரிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? ஆனால் கண்ணீர் வெண்பா எனக்கு வராது. நல்ல வார்த்தையும் முதலில் வரவில்லை. அதனால் வந்ததை எழுதுகிறேன். மலரை வாசிக்கிறவர்கள் இதையும் வாசிக்கட்டும்.

நாம் இருவரும் செய்த வேலை ஊருக்குத் தெரியும். நீ கொழும்பில் பழையதாக வாங்கிய படம் காட்டும் கருவி; நான் கடன்வாங்கி வந்த ஒலிவாங்கி. ஞாயிறு மத்தியானங்களில் வெறுமையாகக் கிடக்கும் நெல் கிடங்கின் யன்னல்களைச் சாக்குப் போட்டு மூடிவிடுவோம். வெளியே, தண்ணீர் இறைக்கும் எஞ்சின் டைனமோ பூட்டி நமக்குக் கரண்ட் தந்தபடி இரையும். உள்ளே உன் விளக்கு வெளிச்சத்தில் நெல் தூசு பறக்கும். படம் முடியுமட்டும் சனம் உடம்பைச் சொறிந்துகொண்டே இருக்கும். வெளிநாட்டுப் படங்களின் பாஷை எவருக்கும் விளங்காது. ஆகவே ஒரு பெட்டியில் ஏறி உட்கார்ந்து, நடப்பதைத் தமிழில் சொல்லிக்கொண்டு போவது என் வேலை. நீ காட்டுவாய், நான் சொல்லுவேன். வாள்சண்டைப் படங்கள் மட்டும் வந்த காலத்தில் நமக்குள் ஒரு சண்டையும் வரவில்லை.

பிறகு நீ வேறு மாதிரிப் படங்களைத் தேட ஆரம்பித்தாய். கனவா நினைவா என்று தெரியாத படங்கள். ஒரு மனிதன் படியில் ஏறினால் அவன் நிழல் இறங்கிப் போகும். சந்தித் தேத்தண்ணிக்கடையில் நாம் பிடித்த சண்டைகளைக் கேட்டுக் கடைக்காரர் சீனி போட மறந்திருக்கிறார்.

"படமெண்டால் பாக்கிறதுக்கு மச்சான். கதை கேக்க வேணுமெண்டால் ரேடியோவைத் திருகு."

"நாள் முழுக்கச் சேத்துக்குள்ள நிண்டிட்டு வாறவனுக்கு உன்ர நிழல் என்னத்துக்கடா? என்ன நடந்தது, ஆர் செய்தது, அதைக் காட்டு."

"மூஞ்சையைக் காட்டினால் பயம் போயிடும். சனம் 'ஓ, உவனோ' எண்டிட்டு வீட்டை போயிடும்."

"வீட்டை போகக் கூடாது. அவன்ர வாசலுக்குப் போகவேணும்."

நீ சிரித்தாய். "நீ சொல்லுறது கதையில்லை, தீர்ப்பு" என்றாய். அன்றைக்கு அது எனக்குப் பாராட்டாகப் பட்டது.

தை மாதத்தில் வாய்க்கால் தொழிலாளி செல்லத்துரை அண்ணை செத்தார். எங்கள் குளத்துத் துருசில், வாய்க்காலுக்குத் தண்ணீர் விடும் அந்த இரும்புக் கதவுக்குக் கீழே, கொப்பும் பாசியும் அடைத்துவிட்டன. கதவைப் பூட்டிவிட்டு அவர் குழிக்குள் இறங்கினார். உள்ளே ஆள் நிற்கும்போது கதவைத் திருப்பும் சக்கரத்தில் அவன் தோள் துவாய் கட்டியிருக்கும். துவாய் கிடந்தால் எவனும், தண்ணீர் திறக்கிற அதிகாரமுள்ள ஓவசியர்கூட, சக்கரத்தில் கை வைக்கக் கூடாது. உள்ளே இறங்கினவன் தானே வெளியில் வந்து அவிழ்க்க வேண்டும். இந்தக் குடியேற்றத் திட்டத்தில் காணி வெட்டிய நாளிலிருந்து இதுதான் முறை. அன்றைக்குக் கதவு திறந்தது. அவரைக் கீழ்வாய்க்காலில் எடுத்தார்கள்.

விசாரணை அரை மணித்தியாலத்தில் முடிந்தது. மேல்வாய்க்கால் பெரிய காணிக்காரருக்கு முறை மாறித் தண்ணீர் போனதைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. "குடிவெறியில் துவாய் கட்டாமல் இறங்கியிருக்கிறார்; கதவு திறக்கப்பட்டிருக்கிறது" என்று எழுதினார்கள். திறந்தது யார்? அது எழுதப்படவில்லை. உன் படங்களைப் போலவே முகமில்லாத எழுத்து. ஒன்று சொல்லு தில்லை, அதிகாரம் உள்ளவன் போடுகிற புகைமூட்டத்துக்கும் நீ ஆசைப்பட்ட புகைமூட்டத்துக்கும் என்ன வித்தியாசம்?

அவர் மனைவி பரிமளமக்கா ஒப்பாரி வைக்கவில்லை. அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டா. "கள்ளுக் குடிக்கிறவர்தான். இல்லையெண்டு சொல்லேல்லை. வேலைக்குப் போற நாளில தொட்டதில்லை. வெறிகாரன்ர பெண்சாதி எண்டு என்னைச் சொல்லட்டும், துவாய் கட்டத் தெரியாதவர் எண்டு அவரைச் சொல்லக் கூடாது." புருஷன் திரும்பி வரமாட்டார் என்று அவாவுக்குத் தெரியும். அந்த வரி அழிய வேண்டும், அவ்வளவுதான் அவா கேட்டது.

நீ ஆறு கிழமை வாயைத் திறக்கவில்லை. பிறகு ஒரு நாள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்து, என் முகத்தைப் பாராமல் சொன்னாய். அண்ணை செத்த அன்று தூறலில் எதிர்ப்பக்கக் குளக்கட்டின்மேல் நின்றிருக்கிறாய். சக்கரத்தில் துவாய் நனைந்து தொங்கியதைக் கண்டிருக்கிறாய். மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் வந்து அதை அவிழ்த்ததையும் கண்டிருக்கிறாய்.

"வடிவாய் இருந்தது மச்சான். சாம்பல் தண்ணி, கறுத்தக் கோட்டு, வெள்ளைத் துவாய். செல்லத்துரை அண்ணைதான் மேல வந்து அவிழ்க்கிறார் எண்டு நினைச்சு நிண்டிட்டன்."

"ஓவசியரோ?"

"கோட்டைக் கண்டனான். மூஞ்சையைக் காணேல்லை."

"இந்தத் திட்டத்தில ஓவசியரிட்டை மட்டும்தான்ரா மழைக்கோட்டு இருக்கு!"

"அது துருசுக் கொட்டிலில ஆணியில கிடக்கிற கோட்டு. ஆரும் போடலாம்."

வடிவாய் இருந்தது என்றாயே, அந்தச் சொல்லுக்காக உன்னை அன்றைக்கே அடித்திருக்க வேண்டும். ஒரு மனிதனின் உயிர் அவிழ்கிற நேரத்தில் நீ வர்ணம் பார்த்துக்கொண்டு நின்றாய். சத்தம் போட்டிருந்தால்? இதை நான் கேட்கவில்லை. நீயே ஒவ்வொரு நாளும் கேட்டுக்கொண்டிருந்தாய் என்று இப்போது தெரிகிறது.

சாட்சி சொல்ல வா என்றேன். நீ கொழும்புக்குப் போய் ஒரு படம் கொண்டுவந்தாய். "இதைக் காட்டுவம். பாக்கிறவைக்கு விளங்கும்" என்றாய்.

அந்தப் படத்தை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. பெரிய வீட்டில் தனியே இருக்கும் ஒருவன். அவன் தம்பி தண்ணீரில் மூழ்கிச் செத்துவிட்டான். தள்ளியது தானா, வேறொருவனா என்று அவனுக்கே நிச்சயமில்லை. வீட்டுத் தளத்தில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருக்கிறது. தொப்பி போட்ட ஒருவன் அறை அறையாக நடக்கிறான். முகம் ஓர் இடத்திலும் தெரிவதில்லை. எந்தக் கதவைத் திறந்தாலும் புறப்பட்ட அறைக்கே வந்து சேருகிறார்கள்.

"தம்பி, உந்த வீட்டைக் கட்டின மேசனுக்கு வெறியோ?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். கிடங்கு முழுக்கச் சிரித்தது. முன்வரிசைக் கதிரையில் இருந்த ஓவசியரும் சிரித்தார். அவருக்கு வலப்பக்கத்தில், பெண்களின் பாயில் பரிமளமக்கா இருந்தா.

நான் படத்தைச் சொல்லவில்லை. ஒத்துக்கொள்கிறேன். படம் யாரையும் குற்றவாளி ஆக்கவில்லை, நான் ஆக்கினேன். தொப்பிக்காரன் கூலி வாங்கினவன் என்றேன். பணக்காரன் சொல்லித் தண்ணீரைத் திறந்துவிட்டவன் என்றேன். சிரிப்பு நின்றது. சொறிகிற சத்தமும் நின்றது. "இந்தத் தொப்பிக்காரன் ஆரெண்டு உங்கள் எல்லாருக்கும் தெரியும். அவன்ர பேர்..." என்றேன். வயரைப் பிடுங்கினாய்.

கடைசிச் சுருள் சொல்லில்லாமல் ஓடியது. தண்ணீருக்கடியில் ஒரு முகம், கண் திறந்தபடி, மெல்ல மெல்ல மேலே வருகிறது. நான் செத்த ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு பெட்டியிலேயே இருந்தேன். ஓவசியர் கழுத்தைத் துடைத்தார். ஒரு முறை வாசலைப் பார்த்தார். எழும்பவில்லை. விளக்குப் போட்டதும் உன்னிடம் வந்து, "படம் நல்லாத்தான் இருக்கு தம்பி, ஒண்டும் விளங்கேல்லை" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். இதுதானா உன் படத்தின் பலம்? அவர் வீட்டுக்குத்தானே போனார்?

ஆனால் பரிமளமக்கா போகவில்லை. சாக்குகளை இறக்கிக்கொண்டிருந்த நம்மிடம் வந்தா.

"தம்பி நவம், நீ கதைச்ச நேரமெல்லாம் எனக்கு ஓவசியரைத்தான் தெரிஞ்சது. நீ நிப்பாட்டின பிறகுதான் என்ர மனிசனைத் தெரிஞ்சது." பிறகு உன் பக்கம் திரும்பினா. "தில்லைத்தம்பி, நீங்கள் அண்டைக்குக் கட்டில நிண்டதாய் ஆக்கள் சொல்லுகினம். ஆர் எண்டு கேக்கேல்லை. துவாய் கட்டியிருந்ததோ? அதை மட்டும் சொல்லுங்கோ."

"ஓம் அக்கா. கட்டியிருந்தது."

அவா நிலத்தில் இருந்துவிட்டா. அப்போதுதான் அழுதா.

அடுத்த நாள் நடந்தது இந்த மலரை வாசிக்கிற ஒருவருக்கும் தெரியாது. அந்த வரியை அழிக்கக் கேட்டு அவா எழுதிப்போட்ட பெட்டிசத்துக்கு மறுவிசாரணை வந்தால் நீ வருவதாகச் சொன்னாய். துவாய் கட்டியிருந்தது, ஒரு கை அவிழ்த்தது, இவ்வளவும் சத்தியம் பண்ணிச் சொல்லுவேன் என்றாய். நான் என்ன சொன்னேன்?

"துவாயை வைச்சு ஆரைப் பிடிக்கிறது? பேரைச் சொல்லுறதெண்டால் வா. இல்லாட்டி உன்ர நிழலையும் வெளிச்சத்தையும் கட்டிக்கொண்டு கிட."

நீ சைக்கிளை எடுத்துக்கொண்டு போனாய். அதற்குப் பிறகு நாம் கதைக்கவில்லை. செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகிக் கிடக்கிறாய் என்று மாமி ஆள் அனுப்பினா. நான் இரண்டு நாள் வீம்பு பிடித்தேன். மூன்றாம் நாள் வந்தபோது வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இப்போது கணக்குத் தீர்க்க நான் வரவில்லை. கதை வேண்டும் என்பவன்தான் இன்றைக்கும் நான். ஓவசியர்தான் அவிழ்த்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கை வேறு, நீ கண்டது வேறு. பரிமளமக்காவுக்குத் தேவைப்பட்டது நீ கண்டது மட்டும்தான்; ஒரு துவாயும் ஒரு கையும். அதற்குமேல் ஒரு முகத்தை ஒட்டினால்தான் ஆச்சு என்று அடம்பிடித்து, அவாவுடைய சாட்சியை நான் திருப்பி அனுப்பினேன். நீ வயரைத்தான் பிடுங்கினாய். நான் உன் வாயைப் பிடுங்கினேன்.

செய்தி இதுதான்: மறுவிசாரணை வருகிறது. வியாழக்கிழமை. பரிமளமக்கா என்னையும் கூட்டிக்கொண்டு விசாரணைக் கந்தோருக்குப் போனா. நீ என்னிடம் சொன்னதை நான் சொல்லலாமா என்று கேட்டோம். லிகிதர் பேனையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கேள்விப்பட்டவர் வேண்டாம். கண்டவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்றார். வெளியே வந்து அவா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பாரம் குறைந்து நடந்திருப்பேன். "தில்லைத்தம்பி இருந்திருந்தால் வந்திருப்பார், என்ன தம்பி?" என்று மட்டும் கேட்டா. நான் உன்னைத் திருப்பி அனுப்பிவிட்டது அவாவுக்குத் தெரியாது. இந்த மலரில்தான் வாசிக்கப் போகிறா.

ஒன்றை உறுதியாகச் சொல்லுகிறேன். வியாழக்கிழமை நான் போவேன். வேண்டாம் என்றாலும் வாசலில் நிற்பேன். நீ கண்டதற்கு மேல் ஒரு சொல் சேர்க்கமாட்டேன். பேர் சொல்லமாட்டேன், அந்தக் கோட்டுக்குள் முகம் வரையமாட்டேன். ஆனால் என் வாய்க்கு அங்கே மதிப்பில்லை மச்சான். ஓவசியர் கதிரையில் இருப்பார். பரிமளமக்கா நிற்பா. கண்டவர் ஆர் என்று கேட்பார்கள்.

எழும்பி வா, தில்லை. சுருளும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். அந்த மனிசிக்கு முன்னால் வந்து நின்று ஒரு வரி சொல்லிவிட்டுப் போ. காலை ஒன்பது மணிக்கு வா. வருவாயா?

உன் மாமி மகன்,
நவம்