நீ அழித்த வரி

டேப்லெட்டில் எழுதும் உன் வெள்ளைப் பேனா இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கிறது, அடிப்பக்கத்தில் உன் பல் தடத்தோடு. பழைய கோப்புகளை நீக்கச் சொல்லிப் பள்ளியிலிருந்து கேட்டிருந்தார்கள். இன்று காலை லேபில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தேன். நீ கடைசியாக அனுப்பிய பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

ஊரைவிட்டுக் கடல் தாண்டி, தாவோ தியெனில் உள்ள இந்தப் பள்ளிக்கு நாம் வந்த புதிதில் சண்டை இல்லாத நாளே கிடையாது. நான் மதுரைக்காரி, நீ காரைக்கால்காரி. இருவரும் அறிவியல் டீச்சர்கள். தாளில் மை படாமல் செய்யும் சோதனையெல்லாம் ஒரு சோதனையா என்று நான் குதிப்பேன். "இதுவும் கையெழுத்துதாண்டி, தாளுதான் மாறியிருக்கு" என்பாய். வெள்ளிக்கிழமை த்ருவோங் டின் தெருவிலுள்ள மாரியம்மன் கோயிலுக்கு நான் போனால் நீயும் கூட வருவாய். நான் கும்பிட்டு வரும்வரை வாசலில் நின்று மாங்காயை மிளகாய் உப்பில் தொட்டுத் தின்பாய். எனக்கு ஒரு துண்டு மிஞ்சியிருந்தால் அது அதிசயம். சண்டை அங்கேயும் தொடரும்.

என் வகுப்பு லின்னை நினைவிருக்கிறதா? சுடுநீர் ஆறும் சோதனை. வெப்பமானியை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துப் பிள்ளைகள் டேப்லெட்டில் கையால் எழுத வேண்டும். கணினி தானாகப் போடும் வரைபடத்தை எல்லாம் முடிந்த பிறகுதான் காட்டுவோம். லின்னின் எண்கள் அதோடு அச்சு அசலாகப் பொருந்தின. வரைபடத்தைப் பார்த்துக் கடைசியில் நிரப்பியிருக்கிறாள் என்று முட்டை போட்டேன். அவளுக்குக் கண் கலங்கியது.

"அவசரக்குடுக்கை! அவ எழுதினதை ஓட விட்டுப் பாரு" என்று திரையின் மூலையிலிருந்த முக்கோணத்தைத் தொட்டாய். அவள் எழுதிய விதத்திலேயே எழுத்துகள் திரும்ப வந்தன. ஓர் எண், ஒரு நிமிடக் காத்திருப்பு, அடுத்த எண். ஏழாவதைத் தப்பாக எழுதி, அழித்து, திருத்தியிருந்தாள். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. மறுநாள் வகுப்பின் முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"எழுதி முடிச்சதை மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணாதே" என்றாய், சிரிக்காமல்.

அப்புறம் நீ ஆஸ்பத்திரியில் படுத்தாய். அங்கிருந்தும் என் வகுப்புக்கு ஒரு பக்கம் குறிப்பு எழுதி அனுப்பினாய். அடியில், "நான் நல்லா இருக்கேன். பரீட்சை முடியட்டும், மெதுவா வா" என்றிருந்தது. எழுத்தும் கோணாமல் நேராக இருந்தது. நம்பிவிட்டேன். பரீட்சை முடிய நான்கு நாள் இருக்கையில் போய்விட்டாய்.

இன்று நீக்குவதற்கு முன் அந்த முக்கோணத்தைத் தொட்டேன். உன் எழுத்து ஓடத் தொடங்கியது. இரண்டு சொல் எழுதி நிறுத்துகிறாய், மறுபடி எழுதுகிறாய். நேராக வராத எழுத்துகளை அழித்து அழித்து எழுதியிருக்கிறாய். குறிப்பு முடிந்தபின் வெகுநேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு வந்தது:

"பயமா இருக்குடி. இன்னைக்கே வர்றியா?"

கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது. அழித்தாய். அந்த இடத்தில்தான் "நான் நல்லா இருக்கேன்" என்று எழுதியிருக்கிறாய்.

பாவி, ஏண்டி அழித்தாய்? வண்டி பிடித்தால் அரை மணி நேரம். பரீட்சையாவது மண்ணாவது என்று ஓடி வந்திருப்பேனே. உன்னைத் திட்டி என்ன பயன்? லின்னுக்காக நீ தொட்டுக் காட்டிய முக்கோணம் நீ அனுப்பிய பக்கத்திலும் இருந்தது. முடித்து அனுப்பியதை மட்டும் பார்த்துவிட்டு இருந்தவள் நான்தானே.

அந்தப் பக்கத்தை நான் நீக்கவில்லை. ஆனால் பள்ளிக் கணினியை நம்பவும் மனசில்லை. என் நோட்டை எடுத்து, நீ அழித்த வரியை மையால் எழுதிக்கொண்டேன். இனி அதை யாரும் அழிக்க முடியாது. அதன் கீழே, "இதோ கிளம்பிட்டேன்" என்று எழுதினேன்.