வெட்டக் கூடாத பாட்டு

யூட்டிகா
ஜனவரி 8, 2014

மிஸ் கோரின் ஹேவர்டி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு முறை போனை வைத்துவிட்டேன் என்று குறைபட்டிருக்கிறீர்கள். ஆமாம், வைத்தேன். நான் லிஃப்ட் வடங்களைச் சோதிக்கிற பொறியாளன். கூண்டின் தலைமேல் நிற்பவனிடம் பாட்டைப் பற்றிப் பேசினால் வேறென்ன செய்வான்?

எமில் பொக்கார்னி என் தாத்தாதான். அவருடைய 'கடைசி டிராம்' இசை நாடகத்தின் தாள்கள் முழுவதும் எங்கள் கார் கொட்டகையில் இருக்கின்றன. அப்பா உரிமையையும் என் பெயருக்கு எழுதிவிட்டார். தர மாட்டேன். 1938இல் ஒரே வாரத்தில் இழுத்து மூடிய நாடகம் அது. ஊர் மறந்ததைத் தோண்டி எடுத்து, ஆர்க்கெஸ்ட்ராவை மேடையிலேயே உட்கார்த்தி, பத்து நாள் ஒத்திகை பார்த்து, கையில் புத்தகத்தோடு நின்று பாடுவீர்களாம். மனப்பாடம் செய்யாமல் மேடையேறக் கூலி கொடுக்கிற ஊர் உங்கள் ஊர்தான்.

வெஸ்லி பொக்கார்னி

நியூயார்க்
ஜனவரி 15

மிஸ்டர் பொக்கார்னி,

மரியாதை விற்கிற கடை யூட்டிகாவில் இல்லை போலிருக்கிறது.

புத்தகம் கையில் இருப்பது எங்கள் வழக்கம், அவ்வளவுதான். பாட்டெல்லாம் நெஞ்சில் இருக்கும். புத்தகத்தைப் பார்த்துப் படிப்பவரை எங்களுக்குள் நாங்களே மதிப்பதில்லை.

எனக்கு நாற்பத்தாறு வயது. இதுவரை எல்லா நாடகத்திலும் கதாநாயகியின் தோழி நான்தான். காபி கொண்டு வருவேன், அவள் அழுதால் தோள் கொடுப்பேன். 'கடைசி டிராம்' நாயகிக்கு நாற்பது தாண்டிய வயது என்பதால் முதல்முறையாக என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் தாள்களைத் தராவிட்டால் வேறு நாடகம் எடுப்பார்கள். அதில் நாயகிக்கு இருபது வயது. உங்கள் கொட்டகையில் எலிகளாவது பாடுகின்றனவா?

கோரின் ஹேவர்டி

யூட்டிகா
ஜனவரி 24

அம்மணி,

எலிகளுக்கு உங்களைவிடக் கூச்சம் அதிகம்.

பெட்டியை அனுப்புகிறேன், ஒரு நிபந்தனையோடு. எங்கள் வீட்டு விருந்து எதுவும் சண்டையில்லாமல் முடிந்ததில்லை. வான்கோழியை வெட்டுவதற்குள் அப்பா ஆரம்பித்துவிடுவார்: "எங்கப்பா மேதைடா. நியூயார்க்காரனுக்குக் காது செவிடு." அம்மா இருந்தவரை விட்டதில்லை: "மேதைன்னா ஏன் ஒரே வாரத்துல மூடினாங்களாம்? உருளைக்கிழங்கை இப்படித் தள்ளுங்க." இதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தேன். எனக்கு விடை தெரிந்தாக வேண்டும்.

கடைசியில் நாயகி தனியாகப் பாடும் 'இறங்க மாட்டேன்' ஏழு நிமிடம். அந்தப் பாட்டில்தான் அன்று சனம் எழுந்து போனதாம். அதில் ஒரு சுரத்தைக்கூட வெட்டக் கூடாது. முதல் நாளே பாட வேண்டும். அப்பாவோடு வந்து உட்காருவேன்.

வெஸ்லி

நியூயார்க்
மார்ச் 6

தம்பி வெஸ்லி,

வயதில் மூத்தவள் என்ற உரிமையில் தம்பி என்கிறேன். பிடிக்காவிட்டால் போனை வைத்துவிடுங்கள்.

முதல் அங்கம் தேன். ஒத்திகையில் டிராம்போன் ஊதுகிறவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவர் சொந்தக் கல்யாணத்தில்கூடக் கொட்டாவி விட்ட ஆள். ஆனால் 'இறங்க மாட்டேன்'? இயக்குநர் கில் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏழு நிமிஷமா? அந்த நேரத்துல நிஜ டிராமே கடற்கரைக்குப் போய்த் திரும்பிடும் கோரின்! தூக்கு!" நான் உங்கள் நிபந்தனையைச் சொன்னேன். "யாரந்த லிஃப்ட் மெக்கானிக்? அவனைக் கூட்டிட்டு வந்து பாடச் சொல்லு" என்றார்.

பத்திரிகைக்காரர்கள் முதல் நாள்தான் வருவார்கள். எனக்கு இது ஒரே வாய்ப்பு. பாட்டைப் பாதியாக்க மட்டும் அனுமதி கொடுங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். எழுதிவிட்டேன், இனி அழிக்கப் போவதில்லை.

கோரின்

யூட்டிகா
மார்ச் 8

அம்மணி,

முடியாது. அறுந்த இடத்தை வெட்டி எறிந்துவிட்டு மீதி வடத்தைச் சோதிப்பவனுக்குப் பெயர் பொறியாளன் இல்லை, திருடன். நாடகக்காரர்கள் நீங்கள் காலங்காலமாக அதைத்தான் செய்கிறீர்கள். ஓட்டையை அடைத்துவிட்டு, "பாருங்கள், அந்தக் காலத்து ஜனங்கள் ரசனை கெட்டவர்கள்" என்று நீங்களே கைதட்டிக்கொள்கிறீர்கள்.

கெஞ்சுவது உங்களுக்குப் பொருந்தவில்லை.

வெஸ்லி

உங்கள் தியேட்டரின் பின்வாசல்
மார்ச் 13, வியாழன்

அம்மணி,

இதைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். அப்பாவுக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை, ஞாயிறுவரை எதிர் ஹோட்டலில்தான் இருப்போம்.

நேற்று நடந்தது உங்களுக்கும் தெரியும். முதல் அங்கத்துக்கு எழுந்து நின்று தட்டினார்கள். உங்கள் குரல் இப்படி இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அப்புறம் ஏழு நிமிடம். இரண்டாம் நிமிடத்தில் இருமல் தொடங்கியது. நாலாம் நிமிடத்தில் பின்வரிசைக்காரர் கோட்டு மாட்டிக்கொண்டார். அப்பா என் காதருகே குனிந்தார். "இதை வெட்டியிருக்கலாமேடா."

பத்திரிகையும் பார்த்தேன். "முதல் அங்கத்தில் ஜொலித்த நாயகி கடைசிப் பாட்டில் காணாமல் போனார், அதைப் படித்துக்கொள்ள நேரமில்லை போலும்." நேரமில்லாமல் என்ன? பத்து நாள் ஒத்திகை பார்த்தீர்களே, குறை பாட்டில்தான்.

சோதனை முடிந்தது. தாத்தா தோற்றார். மீதி நாட்களுக்கு வெட்டிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்ட அனுமதி உள்ளே இருக்கிறது. கேட்ட விடை கிடைத்துவிட்டது, ஜெயித்தது நான்தான். ஆனால் அப்பா ராத்திரி சூப்பைத் தொடவில்லை. மேதை என்ற வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை.

வெஸ்லி

நியூயார்க்
மார்ச் 14, வெள்ளி

தம்பி,

பத்திரிகைக்காரன் எழுதியதில் பாதி சரி. எனக்குப் பாட்டு முழுக்க மனப்பாடம். ஆனாலும் நேற்று முன்தினம் ஏழு நிமிடமும் புத்தகத்தைப் பார்த்துப் படித்தேன். தலையைத் தூக்கவே இல்லை. உங்கள்மேல் இருந்த ஆத்திரம். "நீ கேட்டாய், எடுத்துக்கொள்" என்று தூக்கிப்போட்டேன். நான் விழுந்தாலும் பரவாயில்லை, முதலில் அந்தப் பாட்டு விழட்டும் என்றுதான் பாடினேன். என்மேல் கோபப்பட வேண்டிய கில்கூட, "உன்னைக் குறை சொல்ல மாட்டேன், குப்பையை எப்படிப் பாடறது" என்றார். நானும் அவரை அப்படியே நம்ப விட்டேன்.

வடத்தைப் பிடித்திருப்பவளே நடுவில் கையை விட்டால் அது என்ன சோதனை, பொறியாளரே? உங்கள் தாத்தா தோற்றாரா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. எனக்கும் தெரியாது.

எனக்கு வர வேண்டிய பேர் போய்விட்டது. முதல் நாள் போனால் போனதுதான், அடுத்த ஆட்டம் சனிக்கிழமை, அதற்கு எந்தப் பத்திரிகைக்காரனும் வர மாட்டான். அதற்காக உங்கள் அனுமதியை உபயோகிக்கப் போவதில்லை. கிழித்துவிட்டேன். சனிக்கிழமை புத்தகத்தை நாற்காலியில் வைத்துவிட்டு, ஏழு நிமிடமும் பாடுவேன். கில் கத்துவார், கத்தட்டும்.

மூன்றாம் வரிசையில் இரண்டு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். உங்களுக்காக இல்லை. பெரியவருக்காக.

கோரின்

எதிர் ஹோட்டல்
மார்ச் 15, சனி காலை

கோரின்,

என் தொழிலில் இப்படிச் செய்திருந்தால் உங்களை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

அப்பாவிடம் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். "அந்தப் பொண்ணுக்கு என்ன திமிருடா!" என்றார். பிறகு இரண்டு முட்டை, மூணு ரொட்டி சாப்பிட்டார். இப்போது சட்டையை இஸ்திரி போடச் சொல்லி என் உயிரை எடுக்கிறார்.

வருகிறோம். இன்றும் அந்தப் பாட்டு செத்தால் பழி தாத்தாவுக்கு. பிழைத்தால், மீதி ஆயுள் முழுக்க ஒவ்வொரு விருந்திலும் நான் அப்பாவிடம் வாங்கப் போகிற பேச்சுக்கெல்லாம் பழி உங்களுக்கு.

நன்றாகப் பாடித் தொலையுங்கள்.

வெஸ்லி