இது அம்மை இல்லை

மாத்தளை,
2024 பெப்ரவரி 4

அன்புள்ள அத்தானுக்கு,

போன் எடுத்தால் "கடையில ஆளு நிக்கிறாங்க" என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தையாவது கடைசி வரை படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன். சுகமா?

என் காலிலும் முதுகிலும் கட்டி கட்டியாக எழும்பியிருக்கிறது. ஊதா நிறம், கல் மாதிரிக் கெட்டி. அரிப்பில்லை, வலியில்லை, காய்ச்சலுமில்லை. ரத்தப் புற்றுநோய் அடங்கிப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது. பதினைந்தாம் திகதி கண்டியில் கிளினிக். மாமியோ வாசலில் வேப்பிலை செருகிவிட்டு, "அம்மா வந்திருக்கா, படி தாண்டக்கூடாது" என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் விடுவார்.

உங்கள்
ஹம்சிகா

கொழும்பு,
பெப்ரவரி 9

அன்பு ஹம்சிகா,

நாலு எழுத்துப் படித்தவள் என்று அலட்டாதே. அம்மா எத்தனை பேருக்கு அம்மை பார்த்தவர்! இந்த உடம்போடு பஸ் ஏறினால் தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டார் நம்மை என்ன பேசுவார்கள்? தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடியட்டும். கிளினிக் எங்கே ஓடிவிடப் போகிறது? உனக்காக நானும் இங்கே மீன், இறைச்சி தொடுவதில்லை.

மகேஸ்வரன்

கண்டி,
மார்ச் 9

மகேஸ்வரன் அவர்களுக்கு,

உங்கள் பேச்சைக் கேட்டு மூன்று தண்ணீரும் ஊற்றிக்கொண்டேன். வேப்பிலையில் படுத்துக் கிடந்த இந்த முட்டாளையும் சேர்த்துத்தான் திட்டுகிறேன். ஒரு கட்டியும் இறங்கவில்லை, முகத்துக்கு ஏறியது. அப்போதும் உங்கள் அம்மா, "தீட்டுக் கலந்திருக்கும், இன்னொரு தண்ணி ஊத்துவோம்" என்றார். என் அண்ணன் அழகமுத்துதான் வேப்பிலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு என்னை இங்கே கூட்டி வந்தார்.

கட்டியில் சிறு துண்டு வெட்டிப் பார்த்தார்கள். புற்றுநோய் திரும்பிவிட்டது. இந்த முறை தோலில்தான் முதலில் தலைகாட்டியதாம். "ஏம்மா இவ்வளவு லேட்டாக்கினீங்க?" என்று டாக்டர் கேட்டார். லயத்துப் பேச்சுக்குப் பயந்த ஒருவர்தான் என் புருஷன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பஸ் கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன்.

திங்கட்கிழமை மருந்து தொடங்குகிறது. பிழைப்பேன் என்று யாரும் உறுதி சொல்லவில்லை. அண்ணனின் எலும்பு மஜ்ஜை எனக்குப் பொருந்துமா என்று பார்க்கிறார்கள்.

நேற்று அண்ணனுக்குப் போன் எடுத்து, "வார்டுக்கு வந்தா எனக்கும் ஒட்டுமா?" என்று கேட்டீர்களாம். சீ! ஒட்டாது. ஆனாலும் வராதீர்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று நர்ஸ் கேட்டார், அண்ணன் பெயரைக் கொடுத்தேன். "கல்யாணம் ஆகல்லியா?" என்றார்.

"ஆகியிருந்துச்சு மிஸ்" என்றேன்.

அழகமுத்துவின் தங்கை
ஹம்சிகா