பெட்டிக்குள் ஏறிய குக்கர்

பயணத் திட்ட மன்னருக்கு,

கான்டீனுக்குக் கிளம்புகிறேன். சாவி வழக்கமான ஆணியில்.

பாலைவன நகரத்தில் நாம் கழிக்கப்போகும் ஏழு நாளுக்கும் நீங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டிய அட்டவணையைப் படித்தேன். வானளாவிய கோபுரம், ஒட்டகச் சவாரி, மணல்மேட்டில் அஸ்தமனம், எல்லாம் பிரமாதம். ஆனால், "ஹோட்டல் எதுக்கு? கிச்சனோட ஃபிளாட்டே பிடிச்சுட்டேன்!" என்று நேற்று மார்தட்டினீர்களே, அது எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. தினமும் முந்நூறு பேருக்குச் சமைக்கிறவளுக்கு, கடல் தாண்டிப் போய் இரண்டு பேருக்குச் சமைப்பது ஓய்வுதானே!

காலையில் பெட்டியைத் திறந்தால், என் துணிகளுக்கு நடுவில் நம் வீட்டுக் குக்கர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. அதை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டேன். அரிசியும் தண்ணீரும் அளந்து போட்டாயிற்று. பற்றவைத்து, மூன்று விசில் வந்ததும் அணைப்பது உங்கள் பொறுப்பு. ஒத்திகை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குக்கர் இருந்த இடத்தில் உங்கள் நீலச் சட்டையை மடித்து வைத்திருக்கிறேன். போட்டோவில் அதுதான் உங்களுக்கு எடுப்பாக இருக்கும்.

பி.கு.: குக்கர் மறுபடி பெட்டிக்குள் ஏறினால் ஒரு வார்த்தை பேசமாட்டேன். நான் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன். ஒட்டகத்தின் மேல் அதை உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.