நான் போட்ட புள்ளடி

ஜனவரி 11
நூலகத்தில் சனிக்கிழமை வகுப்பு தொடங்கியாயிற்று. அமெரிக்க வரலாறு, 1900 முதல் 1920 வரை. டொக்டர் வெளியே போய்வரச் சொன்னார். நோர்பரியில் நடந்து போகிற தூரத்தில் இருந்தது இது ஒன்றுதான். 'எதிலாவது ஆர்வம் உண்டா' என்று அவருடைய படிவத்தில் ஒரு கேள்வி. இல்லை என்று எழுதினேன். கவலையும் இல்லை. ஒன்றுமே இல்லை.

ஜனவரி 12
தேவாலயத்தில் ஞாயிறு பூசை. ஆட்டிறைச்சிக் கறி.

ஜனவரி 18
1917இல் அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை கேட்டு வெள்ளை மாளிகை வாசலில் குளிருக்குள் பதாகையோடு நின்றிருக்கிறார்கள். பிடித்துச் சிறையில் போட்டார்களாம். சாப்பிட மறுத்தவர்களுக்கு மூக்கால் குழாய் விட்டுப் பாலும் முட்டையும் ஊற்றினார்களாம். எல்லோரும் 'ஐயோ' என்றார்கள். எனக்கு, வீட்டில் முட்டை முடிந்தது ஞாபகம் வந்தது.

எதிர்த்தவர்கள் சொன்ன நியாயம் மட்டும் மண்டைக்குள் நிற்கிறது. கல்யாணமானவளுக்கு வாக்கு எதற்கு? புருஷன் போடுகிற ஆளுக்கே போட்டால் ஒன்று இரண்டாகும். மாற்றிப் போட்டால் அவனுடையதும் வீண்.

வீட்டுவேலை: உங்களுடைய முதல் வாக்கைப் பற்றி ஒரு பக்கம் எழுதுங்கள். பக்கத்துக் கதிரையில் உட்காரும் ஹம்சா சென்னைக்காரி. "விரல்ல வச்ச மையை ஒரு வாரம் எல்லார்கிட்டயும் காட்டிக்கிட்டே திரிஞ்சேன். நீங்க?" என்றாள்.

"தபாலில" என்றேன்.

ஜனவரி 19
ஒரு பக்கத்துக்கு என்னத்தை எழுதுவது? பிரிட்டிஷ் பிரஜாவுரிமை கிடைத்துப் பதினேழு வருடம். ஒவ்வொரு தேர்தலுக்கும் எங்கள் இருவரது வாக்குச்சீட்டும் தபாலில் வரும். என் கணவர் கிளின்ரன் இரண்டிலும் பெயருக்கு நேரே புள்ளடி போடுவார். என்னிடம் படிவத்தை மட்டும் நீட்டுவார். "இதில கையெழுத்தை வையும், பிறந்த திகதியையும் போடும்." வெங்காயம் உரித்த கையைத் துடைத்துவிட்டு வைப்பேன். கட்டாயப்படுத்தினாரா? இல்லை. நான் கேட்டேனா? அதுவும் இல்லை. வாக்குச்சீட்டு என்ன நிறமென்றே தெரியாது.

ஜனவரி 25
வாசிக்கச் சொன்னார்கள். எழுதவில்லை என்றேன்.

பெப்ரவரி 2
எங்கள் வட்டாரத்தில் கவுன்சில் இடைத்தேர்தல். வாமதேவன் அண்ணை நிற்கிறார், என் கணவருடைய இருபது வருடக் கூட்டாளி. "எங்கட வீட்டில ரண்டு வோட்டு இருக்கு மச்சான், யோசியாதை" என்று இவர் போனில் சொன்னது நான் சமைத்துக்கொண்டிருந்த குசினி வரைக்கும் கேட்டது.

ரண்டு.

பெப்ரவரி 13
தபால் வந்தது. இவர் வேலையில். 'பியற்றிஸ்' என்று என் பெயர் போட்ட கவரை அரிசி வாளிக்குள் வைத்தேன். ஏன் வைத்தேன்? தெரியாது.

பெப்ரவரி 14
"உம்மட கவர் வரேல்லையோ?"
"வந்தது. நான் போடுறன்."
"உமக்கு உதுகள் விளங்குமே?"
"புள்ளடிதானே? பதினேழு வருசமா உங்களுக்கு விளங்கினது எனக்கு விளங்காதோ?"

நானா சொன்னேன்? இவர் கத்தவில்லை. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பிப் போனார்.

பெப்ரவரி 15
வெள்ளைத் தாள். ஆறு பெயர்கள். போட்டு, ஒட்டி, நானே கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குள் போட்டேன். ஏதாவது தோன்றும் என்று பெட்டியடியில் கொஞ்ச நேரம் நின்றேன். தோன்றவில்லை. குளிர்ந்தது, வந்துவிட்டேன்.

பெப்ரவரி 28
வாமதேவன் அண்ணை பதினொரு வாக்கால் தோற்றுப்போனார். இவர் தேநீரைத் தொடாமலே வெளியே கிளம்பினார். வாசலில் திரும்பி, "சந்தோசமே உமக்கு?" என்றார்.

ஆறு பேருடைய துண்டுப்பிரசுரங்களையும் வாசித்துத்தான் போட்டேன். நூலகத்தை மூட விடமாட்டேன் என்று எழுதியிருந்தவர் ஒரேயொருவர். வாமதேவன் அண்ணை.

இதை இவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வீடு பழையபடி ஆகிவிடும்.

மார்ச் 1
வகுப்பில், முதல் வாக்கைப் பற்றி எழுதிய என் ஒரு பக்கத்தை வாசித்தேன். குரல் நடுங்கியது. அது எனக்குப் பிடித்திருந்தது.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இவர் சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடியே கேட்டார்: "ஆருக்குத்தான் போட்டனீர்?"

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக என்னிடம் கேட்கிறார். சொல்ல வாய் உன்னியது. சொன்னால் அது திரும்பவும் இவருடைய இரண்டாவது வாக்காகிவிடும்.

"சோறு போடட்டோ?" என்றேன்.

"ஓம்" என்றார்.