சிங்கப்பூரின் அரை மணி

திருவண்ணாமலை
12.1.1982

அன்புள்ள உங்களுக்கு,

நம் சந்திரகலா நன்றாக இருக்கிறாள். இதை முதலில் படித்துவிட்டு மற்றதைப் படியுங்கள்.

புதன்கிழமை காலை அவளுக்கு வயிற்றுவலி தாங்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், "உடனே ஆபரேஷன் பண்ணணும். அவங்க அப்பா எங்கம்மா?" என்றார். இங்கே பத்து என்றால் சிங்கப்பூரில் பன்னிரண்டு, உங்கள் சாப்பாட்டு வேளை என்று கணக்குப் போட்டு, தபாலாபீசுக்குப் போய் டிரங்க் கால் பதிந்தேன். சரியாகப் பத்துக்கு லைன் கிடைத்தது. நீங்கள் தங்கியிருக்கும் இடத்தில் எடுத்தவர், "சாப்பிட்டுட்டு இப்பத்தாங்க வேலைக்குப் போனாரு. இங்க மணி பன்னெண்டரை. புது வருஷத்துலேந்து கடிகாரத்த அரை மணி முன்னாடி வச்சுட்டாங்களே, அவரு சொல்லலையா?" என்றார்.

வேலூர் பஸ் ஒரு மணி தாமதமானாலும் இங்கே பேசாமல் நிற்கிறோம். அங்கே ஒரே நாளில் ஊரே நகர்ந்திருக்கிறது. நீங்கள் ஒரு வரி எழுதவில்லை. தீபாவளிக்குப் பிறகு எதுவுமே எழுதவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்து, "அவரு கிடைக்கலைங்க, நானே போடறேன்" என்று ஆபரேஷன் சம்மதத் தாளில் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று கஞ்சி குடித்தாள். "அப்பா எப்பம்மா வருவாரு?" என்று கேட்டாள். இத்தனை நாளும் பொங்கலுக்கு, சித்திரைக்கு என்று சொல்லிவந்தேன். நேற்று, "எனக்குத் தெரியலடி" என்றேன். அவள் அழவில்லை. அதனால்தான் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

இன்னும்
உங்கள் மனைவி